வலைச் சாயம்

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் எனக்குச் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. துணி வாங்க வருகிறவர்களைவிட என் கிண்டலைக் கேட்க வருகிறவர்கள் அதிகம். அதனால்தானோ என்னவோ, கடை கடைசிவரை சின்னதாகவே இருந்தது.

கடைக்கு ஒரு பாதிரியார் வருவார். சௌல்தாரி மாதிரி குடியேற்ற ஊர்களுக்கு நடந்தே போய், காய்ச்சலில் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு, கால் முழுக்க அட்டைக்கடியோடு திரும்புவார். தனி ஆளாக முடியாது என்று, நோயாளிகளைக் கவனிக்க ஒரு கன்னியர் சபை தொடங்கப் பல வருடம் அலைந்து அனுமதி வாங்கியிருந்தார். நான்கு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஞாயிறன்று ஆயர் கையால் அவர்களுக்குச் சபை உடை. திங்கட்கிழமைக் கப்பலில் ஆயர் மெயின்லேண்ட் திரும்பிவிடுவார். மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. உடைக்கான வெள்ளைத் துணியை மெட்ராஸிலிருந்து வரவழைக்கும் பொறுப்பு என்னுடையது.

ஆயர் வந்த கப்பலிலேயே துணியும் வந்தது. பேல் மூட்டையைப் பிரித்தால் துணி முழுக்கத் துரு. இரும்புக் கம்பிகளுக்கு அடியில் கிடந்து, உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊரில் வேறு எந்தக் கடையிலும் அவ்வளவு வெள்ளைத் துணி இல்லை. பாதிரியார் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

யாராவது பேசாமல் நின்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. “வலைக்குச் சாயம் காய்ச்சுற அண்டாவுல முக்கி எடுத்துருங்க ஃபாதர், எல்லாம் ஒரே நிறமாயிரும்” என்றேன்.

“மனுசன் தவிச்சுப் போய் நிக்கிறாரு, உங்களுக்கு நக்கலா?” என்று உள்ளேயிருந்து என் மனைவி சீறினாள்.

பாதிரியார் நிமிர்ந்தார். “அந்த அண்டா எங்க இருக்கு பாய்?”

கொஞ்ச நேரத்தில் இருவரும் கடற்கரையில் நின்றோம், பேல் என் தலையில். வலை இற்றுப்போகாமலிருக்க மீனவர்கள் காய்ச்சும் கண்டல் மரப்பட்டைச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவுக்குச் சொந்தக்காரரான தெலுங்கு மீனவர், “க்யா பாய், சிஸ்டருங்களும் மீன் பிடிக்கப் போறாங்களா?” என்று சிரித்தார். கிண்டல் செய்து மட்டுமே பழகிய எனக்கு அது அவ்வளவாக ருசிக்கவில்லை.

இரண்டாம் தடவை முக்கியதும் துரு மறைந்து, துணி வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. மீன் வாடைதான் எத்தனை அலசியும் போகவில்லை. பாதிரியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இருந்துட்டுப் போகட்டும் பாய். எங்க ஆண்டவரோட முதல் சீடர்களே மீன்காரங்கதான்” என்றார்.

அந்தப் பெண்களே உட்கார்ந்து தைத்தார்கள். ஞாயிறன்று மின்னி பே பகுதியின் தகரக் கொட்டகைக் கோயிலில் நான்கு பேரும் புது உடையில் வரிசையாக நடந்தார்கள். பின்னாலேயே இரண்டு பூனைகள். ஆயர் பூனைகளைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், ஜெபத்தைத் தொடர்ந்தார். வாசலில் நின்ற நான் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை.

பல வருடம் கழித்து அந்தச் சபையின் ஓர் இளம் சகோதரி கடையில் தன் காப்பி நிற உடையைக் காட்டி, “இந்த நிறம் மண்ணைக் குறிக்குது, தாழ்மைக்கு அடையாளம்” என்று எனக்கு விளக்கினார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் ஆயுள் முழுக்கப் பேசியவன் நான். அதில் ஒன்றையாவது காரியமாகக் கேட்டுக்கொள்ள ஒரு மனிதர் இருந்தார் என்பதை, அந்த நிறம் தெருவில் நடந்து போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.