மூன்றாவது கம்பி

ரிப்பேர்க்காரருக்கு இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் தெருவில் அவருக்கு வைத்த பெயர் ஒத்தைக்கை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் அவர் வலது கையை மட்டும்தான் விடுவார். இடது கை கால்சட்டைப் பைக்குள் கிடக்கும். வால்வு என்கிற கண்ணாடிக் குழல் வைத்த கிட்டார் ஆம்ப்புக்குள் ஓடுவது வீட்டு மின்சாரத்தைவிட வலுவானது. ஒரு கையில் நுழைந்து மறு கை வழியாக வெளியேறினால் நடுவில் மாட்டிக்கொள்வது நெஞ்சு. இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த இடது கை பஸ்ஸில்கூடப் பைக்குள்ளேயே இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவரோரம் கிழிந்த ஸ்பீக்கர்கள், பலகை மேல் மீட்டர், ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடர் புகையில் பழுப்பேறிய பல்பு. கிட்டார்காரர்கள் என்றாலே அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். "சவுண்ட்ல சூடு பத்தலைண்ணே" என்று ஒருவன் வந்து நின்றால், "அப்ப அடுப்புல வை" என்பார். ஆனால் பிரித்து மாட்டிக் கொடுத்த ஆம்ப் எதுவும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. அதனால் திட்டு வாங்கிக்கொண்டும் வந்தார்கள்.

அந்தப் பெண் ஒரு நாள் காலையில் வந்தாள். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்த ஆம்ப்பைப் பலகை மேல் வைத்தாள். அது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய புருஷன் மேடையில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன். கை கம்பிகளின் மேல் இருக்க, பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்தான். உதடு பட்டதும் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. விசாரிக்க வந்தவர்கள் மின்கசிவு என்று ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்து, ஆம்ப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆம்ப்பைக் கட்டியது செத்தவனின் கூடப்பிறந்த அண்ணன். தன் வீட்டுப் பட்டறையில் தனியாளாக உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆம்ப் கட்டுகிற ஆள். அவற்றுக்காகப் பெரிய பெரிய வாசிப்புக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். எவனும் காப்பியடித்துவிடக் கூடாது என்று உள்ளே இருக்கும் பாகங்களின் மேல் கறுப்பாக ஒரு பிசினை ஊற்றி மூடிவிடுவார். அதனால் ஒத்தைக்கை அவருக்குக் கோந்து என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

"பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். "இது அவங்க அண்ணன் பண்ணுன தப்பா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறே?"

"அந்த ஆளை நான் வாசப்படி ஏற விடுறதில்லை. எதிர்ல ரோட்டோரம் வந்து உட்கார்ந்துக்கிட்டு வீட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. என் பொண்ணு ஜன்னல்ல நின்னு பெரியப்பா பெரியப்பான்னு கத்துறா. சில நேரம் எனக்கே பாவமா இருக்கு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்ணே."

அழவில்லை. மளிகைச் சாமான் கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஒத்தைக்கை ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது அவருக்குப் பொறாமையாக இருந்தது. இருபது வருஷமாகக் கண்டபடி கட்டிய ஆம்ப்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண். இதில் ஒரு கம்பிகூடக் கோணலாக ஓடவில்லை. எல்லா இணைப்பிலும் சாலிடர் பளபளவென்று அளவாக நின்றது. கோந்தை ஒரு பாட்டம் வைதுகொண்டே பிசினைச் சூடுகாட்டிச் சுரண்டி எடுத்தார். அதற்கடியில் ஒளித்துவைக்கும்படி எந்த ரகசியமும் இல்லை. சுத்தமான வேலை மட்டும்தான் இருந்தது.

கோளாறு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. அதன் உள்சுற்று எங்கோ வெந்து, மின்சாரம் இரும்புப் பெட்டிக்கும், அதிலிருந்து ஒயர் வழியாகக் கிட்டார் கம்பிகளுக்கும் கசிந்திருந்தது. எவ்வளவு நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு நாள் இப்படிப் போகலாம். இதற்காகத்தான் ப்ளக்கில் மூன்றாவதாக எர்த் கம்பி என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கசிந்த மின்சாரத்தை அது மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். ஃப்யூஸ் எரியும், ஆம்ப் அணைந்துபோகும், வாசிக்கிறவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். இங்கே ஃப்யூஸ் எரியவில்லை. பெட்டிக்குள் எர்த் கம்பியை முடுக்கியிருந்த திருகை அசைத்துப் பார்த்தார். கல்லில் அடித்த ஆணி போல நின்றது.

பிறகுதான் ப்ளக்கைத் திறந்தார். எர்த்துக்கான பச்சைக் கம்பி வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய நுனியை மடித்து, அதன் மேல் நீல நிறத் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, சின்னதாக முடிச்சும் போட்டிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் எவனும் நூல் சுற்றமாட்டான்.

மறுநாள் அவள் வந்தபோது, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்: "இந்த ப்ளக்கை யாராச்சும் திறந்தாங்களாம்மா?"

முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது. "நான்தாண்ணே. வீட்டுல ஒரே ஹம்மிங். சவுண்டை மாத்தக் காலால மிதிக்கிற எஃபெக்ட் பெட்டி ஒண்ணு வச்சிருந்தாரே, அதையும் இதையும் சேத்து மாட்டுனா உர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். பொண்ணு தூங்க மாட்டா. இவரும் பைத்தியம் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருப்பாரு. கூட வாசிக்கிறவரு ஒருத்தர்தான் சொன்னாரு, ப்ளக்குல பச்சைக் கம்பியை எடுத்துட்டா போயிடும், அது சும்மா கூடுதலா இருக்கிற கம்பின்னு. இவருக்குச் சோம்பல். நானே வெட்டி, டேப் இல்லாம நூலைச் சுத்தி வச்சேன். சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. அவரு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எங்க அண்ணனால ஆகாததை என் பொண்டாட்டி பண்ணிட்டான்னு."

"அந்தப் பெட்டி அன்னைக்கு மேடையில இருந்துச்சா?"

"இல்லைண்ணே. சின்ன மேடை, எதுக்குச் சுமைன்னு வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு."

எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. அந்தப் பெட்டிக்குத் தனியாக எர்த் உண்டு; இரண்டு எர்த்தும் சேர்ந்ததால்தான் அந்த உர்ர் சத்தம். அது சேர்ந்திருந்தவரை ஆம்ப்புக்கும் காவல் இருந்தது. அதையும் விட்டுவிட்டுப் போன அன்றைக்கு அவனுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒத்தைக்கை ப்ளக்கை மூடினார். இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது, பிறகு வா என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? புள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா நிக்கிறவ. அவ தலையில கல்லைத் தூக்கிப் போடணுமா?"

"அப்ப அவ அந்தக் கோந்தைத்தானே குத்தம் சொல்லுவா?"

"ஏதோ திருகு தானா தளர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க. திருகு மேல பழி போட்டா அதுக்கு வலிக்கவா போகுது?"

நல்ல யோசனை என்றே அவருக்குப் பட்டது. நீல நூலைப் பிரித்துக் குப்பையில் போட்டார். பச்சைக் கம்பியின் நுனியைச் சீவி, ப்ளக்கில் இருக்க வேண்டிய இடத்தில் முடுக்கினார். எர்த் இல்லாமல் ஒரு ஆம்ப் அவர் பலகையை விட்டு இறங்கியது கிடையாது. புது டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்தார். அவள் வந்ததும், உள்ளே பெட்டியில் ஒரு திருகு தளர்ந்து எர்த் விட்டுப்போயிருந்தது, யார் மேலும் தப்பில்லை என்று ஒப்பித்தார். அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஆம்ப்பைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது அந்த எஃபெக்ட் பெட்டியும் கையில் இருந்தது. "இதையும் சேத்து மாட்டிக் காட்டுங்கண்ணே. வீட்டுல கேட்ட மாதிரியே ஒரு தடவை கேக்கணும்" என்றாள். அவர் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அவளாகவே பேசினாள்.

"அன்னைக்கே நேரா அவங்க அண்ணன் பட்டறைக்குப் போயிட்டேன். உள்ள திருகைச் சரியா முடுக்கலையாமேன்னு கேட்டேன். கையில இருந்த குறட்டைக் கீழ வச்சாரு. அப்புறம், ஆமா, நான்தான்னு சொன்னாரு."

ஒயர் அவர் கையிலேயே நின்றது. தொழிற்சாலையில் செய்த ஆம்ப்பாக இருந்தால் அந்தத் திருகு யாருடையதும் இல்லை. இது ஒரே ஆள் கட்டிய ஆம்ப். இதில் இருக்கும் ஒவ்வொரு திருகுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான். இத்தனை நாள் இதே வேலையில் கிடந்தும் இந்தச் சின்ன விஷயம் தன் மரமண்டைக்கு உறைக்கவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் வேறு எதையும் யோசிக்காமல் எல்லா இணைப்புகளையும் மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. கடையில் கிடந்த கிட்டாரை எடுத்து மென்மையாக மீட்டினார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிந்து வந்தது. ஓங்கி அடித்தார். ஆம்ப் தொண்டை கட்டிய மனிதனைப் போலக் கரகரத்தது, ஆனாலும் ஒரு சுரம்கூடக் கலங்கவில்லை. எவ்வளவு திட்டினாலும் கோந்துக்கு நிகரான ஆள் இல்லை என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார்.

கிட்டார் அடங்கியது. ஆம்ப் அடங்கவில்லை. அடியிலிருந்து உர்ர்ரென்று ஒரு சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இந்தச் சத்தம் போயிருந்துச்சே?"

அவர் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் வெட்டுன கம்பியைத் திரும்பச் சேத்துட்டீங்களா?"

"சேத்துட்டேம்மா."

"எதுக்கு?"

"அது இல்லாம ஆம்ப்பை வெளியில கொடுக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. வேறு ஒன்றைத் தேடிப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தப் பதிலையே சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எதையும் மறைக்கவில்லை.

அவளே கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தத் திருகு?"

"திருகு நல்லாத்தாம்மா இருந்துச்சு."

மேலே படியில் யாரோ ஏறிப் போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் ஓயும்வரை அவள் அசையவில்லை. பிறகு எழுந்து, எஃபெக்ட் பெட்டியின் ஒயரை உருவிப் பொறுமையாகச் சுற்றினாள்.

"அவங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றாள். "அவருதான் ஏற்கெனவே ஒத்துக்கிட்டாரே."

ஆம்ப்பை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, ஒத்தைக்கை அன்றைக்கு வேறு எதையும் பிரிக்கவில்லை. அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. பொய்யை முதலில் சொன்னவர் அவர். அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் கேட்டாள். ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளின் நினைப்பு அவரை விடவில்லை. பட்டறைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை கிளம்பினார். இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பினார். கோழை என்று தன்னைத்தானே வைதுகொள்வதில் மட்டும் குறை வைக்கவில்லை.

கடைசியில் கோந்துதான் கடைக்கு வந்தார். தாடி முளைத்துக் கிடந்தது. கையில் ஒரு மரப்பெட்டி. அதைப் பலகை மேல் வைத்துத் திறந்தார். உள்ளே சின்னதும் பெரியதுமாக அவருடைய குறடுகள், சாலிடரிங் கருவிகள், பஞ்சில் பொதிந்த வால்வுகள்.

"இதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. நான் இனிமே கட்டப் போறதில்லை" என்றார். "ஒண்ணு சொல்லணும். வேற யாரா இருந்தாலும் பூசி மெழுகியிருப்பாங்க. நீங்க இருக்கிறதை இருக்கிறபடி சொன்னீங்க. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

ஒத்தைக்கைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "யோவ், நிறுத்து" என்று கத்திவிட்டார். கம்பி, நீல நூல், திருகு என்று ஒன்று விடாமல் சொன்னார். திருகு விஷயம் தானும் தன் பெண்டாட்டியும் சேர்ந்து கட்டிய பொய் என்றார். கோந்து குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த நூல் எங்கே?"

"குப்பையில போட்டுட்டேன்."

"ப்ளக்கு?"

"சேத்து முடுக்கிட்டேன்யா. அப்படியே கொடுக்க முடியுமா?"

கோந்து மெல்லச் சிரித்தார். மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

"என் மேல உங்களுக்கு அக்கறை இருக்கு, தெரியுதுண்ணே. அதுக்காகப் பழியை அந்தப் பொண்ணு தலையில போடாதீங்க. நேத்து அவளே என்னைக் கூப்பிட்டு உள்ள உட்கார வச்சா. புள்ளையைத் தூக்கி என் மடியில விட்டா. மன்னிச்சுட்டேன்னு சொன்னா. என்னால தேம்பாம இருக்க முடியலை. புருஷனைப் பறிகொடுத்தவ, என்னையே மன்னிச்சிருக்கா. அவளைப் போய்..."

"நான் சொல்றது சத்தியம்யா."

"அந்தத் திருகை முடுக்குனேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேண்ணே" என்றார் கோந்து. "ஞாபகமே இல்லை. முடுக்கியிருந்தா ஞாபகம் இருக்குமில்ல?"

பெட்டியை மூடி, ஒத்தைக்கையின் பக்கமாகத் தள்ளி வைத்தார். புள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது, இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.