லைனை நிறுத்தியது நான்தான்

கவர் லெட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் பயோடேட்டாவில் அப்பா பெயர், படிப்பு, போன் நம்பர் போட்டு, மூலையில் ஒரு போட்டோவை ஒட்டிக் கொடுப்பேன். கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. மறைமலைநகரில் வண்டிகளுக்கு வயரிங் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அப்படித்தான் சேர்ந்தேன். கான்ட்ராக்ட் வேலை. ஐந்து வருஷம் போன பிறகும் கான்ட்ராக்ட்தான்.

அப்போதுதான் பக்கத்துத் தெருவிலிருந்த இன்னொரு கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலைக்கு ஆள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே ஒரு இடம். நிரந்தர வேலை. பயோடேட்டாவோடு கவர் லெட்டர் கட்டாயம் என்று போட்டிருந்தார்கள். படித்ததுமே போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் எங்கள் இடத்தில், வேறு வேலை தேடுகிறாள் என்று கான்ட்ராக்டர் காதுக்குப் போனால் மறுநாள் காலையில் கேட்டிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். "நாளைலேர்ந்து வர வாணாம்மா", அவ்வளவுதான். காரணம் கேட்டால் கேட்டவள்தான் பைத்தியக்காரி. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். என் ஒருத்தி சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. லைனில் எனக்கு இடது பக்கம் நின்று வேலை பார்க்கும் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. படாளம் ஊர்க்காரர். இரண்டு பிள்ளைகள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கம்பெனி பஸ்ஸில் எனக்காகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். இட்லி கொண்டுவந்தால் பாதி என் டப்பா மூடிக்கு வந்துவிடும். அவரிடமே மறைத்தேன் என்றால் என் பயம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே போய் உட்கார்ந்தேன். நான் தமிழில் சொன்னால் கடைக்கார அண்ணன் ஆங்கிலத்தில் அடித்துத் தருவார். "நல்லா கடுமையா உழைப்பேன், நேர்மையா இருப்பேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இத்த எவன்மா படிப்பான்? எல்லாரும் இதான் எழுதறாங்க. நீ இன்னா பண்ண, அத்த சொல்லு. ஒண்ணே ஒண்ணு. நெஜமா நடந்ததா இருக்கணும்."

யோசித்தேன். ஐந்து வருஷத்தில் நான் என்ன செய்தேன்? கனெக்டரில் பின்னைச் சொருகினேன். மறுநாளும் சொருகினேன். சொல்லிக்கொள்ள ஒரு கர்மமும் இல்லை. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "சீக்கிரம்மா" என்றார் அண்ணன்.

அப்போதுதான் அந்த மழைக்கால ஷிப்ட் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு வந்த ஒரு பெட்டியில் பின்கள் லேசாக வளைந்திருந்தன. முதலில் பார்த்தது நான்தான். பார்த்துவிட்டுப் பேசாமல் சொருகி அனுப்பினேன். டார்கெட் பாக்கியிருந்தது, சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தார். அடுத்தது அக்கா கைக்குப் போயிற்று. அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், எட்டிச் சிவப்பு பட்டனை அழுத்திவிட்டார். மொத்த லைனும் நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "எவ அது? எவ லைன நிறுத்துனது?"

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் தலையைக் குனிந்து அவரவர் ஷூவைப் பார்க்க வேண்டும். நான் என்று சொன்னவளுக்கு மெமோ நிச்சயம். நாற்பது பேரும் ஷூவைப் பார்த்தோம். அக்காவும் பார்த்தார். பட்டனை அழுத்திய கையை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்தது. பெட்டி முழுக்க கோளாறு என்று அப்புறம் தெரிந்து, கண்டுபிடித்ததற்கு சூப்பர்வைசருக்குக் கைதட்டினார்கள்.

"பின் வளைஞ்சிருந்துதுண்ணே," என்றேன் கடையில். "நான் லைன நிறுத்திட்டேன்."

அக்காதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் சும்மா. நான் என்றுதான் சொல்ல நினைத்தேன், அப்படியே சொன்னேன்.

"அப்டிப் போடு! இதான்மா லெட்டரு," என்று அண்ணன் தடதடவென்று அடித்தார்.

படித்துப் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். படிக்கப் படிக்க நானே அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்துவிடுவேன் போலிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு, "ஃபைல அழிச்சிடுங்கண்ணே" என்று மூன்று தடவை சொன்னேன். அழித்துவிட்டேன் என்றார், பாவி மனுஷன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்காரவே பயம். அவர் "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாரியா கீது?" என்று கேட்டால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் கான்ட்ராக்டர் பயம், இன்னொரு பக்கம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டால் என்ற பயம். இதில் எது பெரிது என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுப் போனேன். காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தால், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும்தான். பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி, நீயும் வந்துகிறியா! கோச்சிக்காத பாப்பா. எவனாச்சும் போட்டுக் குடுத்துருவான்னு உன்கிட்டகூட சொல்லல."

"நானுந்தான்க்கா. லெட்டர் யாரு எழுதினா?"

"பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலதான். உங்க கம்பெனி பொண்ணு ஒண்ணு எழுதிக்கினு போச்சு, சூப்பரா கீது, அதுலயே பேர மாத்தித் தரேன்னாரு. இங்கிலீஷ்ல இன்னா போட்டாரோ, சாமிக்குத்தான் வெளிச்சம். கையெழுத்த போட்டுட்டேன்."

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு மேடம். மேசைமேல் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "ரெண்டு பேரும் ஒரே லைன். ரெண்டு லெட்டர்லயும் லைன நான் நிறுத்தினேன்னு இருக்கு. யாரும்மா நிறுத்தினது?"

ஷூவைப் பார்க்கலாம் என்று தலை தானாகக் குனிந்தது. நிமிர்த்திக்கொண்டேன்.

"நான்தான் மேடம்."

"அப்ப அவங்க?"

"கடையில என்னோடத காப்பி பண்ணியிருப்பாங்க."

இதில் இரண்டாவது பதில் உண்மை. மேடம் எதையோ குறித்துக்கொண்டு, அக்காவை அனுப்பச் சொன்னார்.

அக்கா உள்ளே போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்து தெருமுனை வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போனார்.

"பாப்பா, லைன நிறுத்தினது நீயான்னு கேக்கறாங்க! எவனோ இங்க வரைக்கும் போட்டுக் குடுத்துகிறான். நான் இல்லவே இல்லன்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேன். உன்னியும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நானும் இல்லன்னுட்டேன்க்கா."

"தல தப்புச்சு," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் ஒரே ஒரு ஆமாம் சொல்லியிருந்தால் போதும், வேலை அவருக்கு. செய்தவர் அவர், அதனால் பயம் அவருக்கு. செய்யாத எனக்கு நான்தான் என்று சொல்ல ஒரு பயமும் வரவில்லை. பயமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது போகவும் இல்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. அக்கா பஸ்ஸுக்கே சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் அவருடைய பேட்ச்சையே கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போன் பண்ண எடுத்து எடுத்து வைத்தேன்.

போன மாதம் எங்கள் பரிசோதகர்களுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஒரு நாள் பயிற்சி. மதியம் கை கழுவப் போனபோது, வராந்தாவில் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு யூனிபார்மில் அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து கன்னத்தைத் தடவினார்.

"எப்டி கீற பாப்பா? இளைச்சுட்ட." பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். "உங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்களாமே. எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடேன். அந்தக் கடைக்காரன் வாணாம், நீயே எழுது. ஆனா இன்னா எழுதுவ? நான் இன்னா பெருசா பண்ணிட்டேன்?"

எழுத ஒன்று இருந்தது. எழுதினால் அது அதே மேடத்தின் மேசைக்குத்தான் போகும். என் பழைய கடிதம் அங்கே கோப்பில் இருக்கும். ஆனாலும் சொன்னேன்.

"அன்னிக்கு லைன நிறுத்தினது நீதானேக்கா. அதையே எழுதலாம்."

அக்கா வராந்தாவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"சும்மா இரு பாப்பா! இங்க எவன் காதுலயாச்சும் வுழுந்துரப் போவுது. அத்த மட்டும் எழுதிராத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சரிக்கா, எழுதல," என்றேன்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.