எஸ்கில் கேட்ட அமைதி

ஓல்போர் நகரில், கப்பல் வானொலிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் குத்ரூன் மெல்கோர் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினாள். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது.

அதிர்வெண்ணை மிக நுண்ணிய படிகளில் நகர்த்துவது அவள் வேலை. வானொலிக்குள் அதிர்வெண்ணை உண்டாக்கும் வளையச் சுற்று, அதிலுள்ள படிகத்தின் துடிப்பை முழு எண்ணால்தான் பெருக்கும். இடைப்பட்ட அதிர்வெண் வேண்டுமெனில், நாற்பது மடங்கையும் நாற்பத்தொரு மடங்கையும் அதன் சில்லு மாற்றி மாற்றிக் கொடுத்துச் சராசரியை அங்கே நிறுத்த வேண்டும். அம்மாற்றம் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால், கருவி தனக்குள்ளேயே ஒரு பொய் அலையை உண்டாக்கிவிடும். எனவே குத்ரூன் அவ்வொழுங்கை வேண்டுமென்றே கலைத்து வைப்பாள். சற்று இரைச்சல் கூடும். பொய் அலை சிதறிவிடும்.

ஒரு மார்ச் மாதம், சோதனைக்கான வானொலிப் பெட்டி ஒன்று அவள் தம்பி எஸ்கிலின் மீன்பிடிப் படகில் இருந்தது. கரையை விட்டு விலகும்போது அவன் கைப்பேசியில் அழைத்தான்.

"உன் பெட்டி அருமைக்கா. பழசக் கழட்டிக் கரையிலயே வெச்சுட்டேன். கரையிலேருந்து கூப்பிடற பதினாறாம் சேனல்ல ஒரு இரைச்சல் இல்ல, சர்ச்சுல உக்காந்த மாதிரி இருக்கு."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"பொட்டுகூட இல்ல. இதுக்கும் குறை சொல்லுவியா நீ?"

அத்துடன் படகு கைப்பேசி எல்லையைத் தாண்டி, இணைப்பு அறுந்தது. குத்ரூன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். வெற்று அலைவரிசை இரைந்தாக வேண்டும். இரையவில்லையெனில் ஏதோ ஓர் அலை அதை அடைத்திருக்கிறது. தொலைவுக் குரல் அதற்குள் நுழையாது.

ஆய்வகத் தலைவர் பிரேபனிடம் போனாள். "கலைக்கறத நிறுத்தினீங்களா?"

"இரைச்சல் சோதனைக்கு மட்டுந்தான். பாஸ் ஆயிடுச்சே."

"திரும்பப் போட்டீங்களா?"

பிரேபன் காபிக் கோப்பையைப் பார்த்தார். "அந்தப் பெட்டியேதான் படகுக்குப் போச்சு."

என் மேசைத் தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு, படகுகளோடு பேசும் கரை நிலையத்தை அழைத்தாள். அங்கிருந்த அதிகாரி சொன்னார்: "புயல் முன்னாடியே வருதும்மா. எல்லாரும் திரும்பிட்டாங்க. உங்க தம்பி பேசறது எங்களுக்கு நல்லாக் கேக்குது. நாங்க கூப்பிடறதுதான் அவருக்குக் கேக்கல."

"அவன் பெட்டியே உண்டாக்கற ஒரு அலைதான் உங்கள அடைக்குது. அவன் கிட்ட வந்தா உங்க குரல் அத மீறிடும்."

"அவர் விலகிப் போய்ட்டிருக்கார். ஹெலிகாப்டர் கேட்டிருக்கேன். அது பறக்கக் காத்து வழி விடணும்."

தொலைபேசியின் வழியே, நிலையத்து ஒலிபெருக்கியில் எஸ்கிலின் குரல் கேட்டது. "கரையிலேருந்து ஒரு எச்சரிக்கையும் காணோம். அப்ப வானிலை நல்லாத்தான் இருக்கு. இன்னும் வடக்கே போறேன்."

அதிகாரி அவன் படகின் பெயரைச் சொல்லி மறுபடியும் மறுபடியும் அழைத்தார். அந்த ஒலிபெருக்கியில் படகு மோட்டாரின் வேகம் கூடியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.