மலைக்கு அளவு காட்ட ஓர் ஆள்

சகாதேவனிடம் கேமராவும் கிடையாது, அதைத் தொடவும் தெரியாது. ஆனால் விமல்ராஜ் எடுத்த மலைப் படங்களில் முக்கால்வாசியில் அவன் இருக்கிறான். கடுகளவு. மூக்கு முழியெல்லாம் தேடினால் கிடைக்காது. பாறை உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் சகாதேவன்.

தேரடி வீதிப் பக்கம் ஒரு பெயின்ட் கடையில் விற்பனையாள் அவன். விமல்ராஜ் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மூன்றாவது கூட்டாளி அறிவுச்செல்வன் பள்ளிக்கூட வாத்தியார்; கார் அவனுடையது. பௌர்ணமி வந்தால் ஊருக்குள் வண்டி நுழையாது, கடையில் வியாபாரமும் கம்மி. ஊரே கிரிவலத்துக்குத் திரளும் அந்த நாளில் இவர்கள் மூவரும் ஊரை விட்டுக் கிளம்பி ஜவ்வாது மலைக்குப் போய்விடுவார்கள். "கையில கீற மலைய சுத்த மாட்டானுங்க, எங்கியோ கீற மலைக்கு ஓடுவானுங்க" என்று சகாதேவனின் மனைவி மதிவதனி தலையில் அடித்துக்கொள்வாள்.

"மலைய மட்டும் எடுத்தா அது எவ்ளோ பெருசுன்னு எவனுக்கும் தெரியாதுடா. பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்" என்பது விமல்ராஜின் சித்தாந்தம். நிற்பது யார்? வாத்தியாருக்கு முழங்கால் வலி. விமல்ராஜ் கேமராவுக்குப் பின்னால். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சகாதேவன்தான் போய் நிற்பான். சும்மா சொல்லக்கூடாது, அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எந்தப் பச்சைக்கு எந்தச் சட்டை எடுப்பாகத் தெரியும் என்று கடைக் கலர் அட்டையைப் பார்த்து அவனே முடிவு செய்வான்.

போன ஐப்பசியிலும் அப்படித்தான் போனார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் விமல்ராஜ் கேமராவை நிறுத்த, சகாதேவன் சுற்றிக்கொண்டு நடந்து எதிர்ப்பக்கப் பாறைக்குப் போனான். குரல் எட்டாத தூரம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பது வழக்கம். வெயில் சாயும் நேரம். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ."

போனான்.

"இன்னும் ரெண்டு அடி. சூப்பர்டா, வானம் வந்துடும்."

இரண்டாவது அடி பாசியில் விழுந்தது. கத்தக்கூட நேரமில்லை. வயிறு பாறையில் தேய, நகம் பிய்ய, ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கீழே சறுக்கிப் போய், குதிகால் அகலமே இருந்த ஒரு விளிம்பில் கால் மாட்டி நின்றான். கீழே பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது.

"சகா! டேய் சகா!" பையில் விமல்ராஜ் அலறினான். "அசையாத! வாத்தியார் ஓடி வரான்டா!"

முழங்கால் வலிக்காரன் சுற்றி வருவதற்குள் இருட்டிவிடும். அதுவரை கால் தாங்காது. அந்த நேரத்தில் சகாதேவனுக்கு என்ன தோன்றியது தெரியுமா? கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இல்லையே என்று தோன்றியது. இத்தனை வருஷம் ஸ்டூடியோக்காரன் சிநேகிதம், ஒரு படம் இல்லை. மதிவதனி ஆதார் அட்டையைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சிரிப்பு வரவேண்டிய இடம். அவனுக்குக் கோபம் வந்தது.

"லென்ச மாத்திட்டேன். பாறை நல்லா தெரியுது" என்றது பை. "உனக்குத் தெரியாது, நான் சொல்றேன். வலது கைக்கு மேல ஒரு வெடிப்பு கீது. ஒரு முழம் மேல. தடவிப் பாரு."

எந்தக் குரல் அவனைப் பின்னால் போகச் சொன்னதோ அதே குரல். கரணம் தப்பினால் மரணம் என்கிற இடத்தில் இவனையா நம்புவது? ஆனால் பாறை முன்புறம் உப்பி மேலே மறைத்தது. வேறு கண் இல்லை. தடவினான். விரல் வெடிப்பில் இறங்கியது.

"இடது கால தூக்கு. இன்னும். அங்க ஒரு மேடு கீது பாரு. தோ, அதான். அழுத்து."

அழுத்தினான். உடம்பு மேலே போனது. அடுத்த கை, அடுத்த கால். உதிர்ந்த கல் விழுந்த சத்தம் கீழேயிருந்து வெகு நேரம் வரவேயில்லை.

"டேய், மேகம் வந்துடுச்சிடா" என்றான் விமல்ராஜ் திடீரென்று. "மறைக்குது. ஒண்ணும் தெரியல. சகா, எனக்கு ஒண்ணும் தெரியலடா."

சகாதேவனைச் சுற்றிலும் வெள்ளையாகிவிட்டது. கை வழுக்க ஆரம்பித்தது. அண்ணாமலையாரை ஒரு தடவை கூப்பிட்டான். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எம்பினான். கையில் புல் அகப்பட்டது. வேரோடு வந்துவிடும் என்று நினைத்தான், வரவில்லை. நெஞ்சைத் தேய்த்துத் தேய்த்து மேலே ஏறி, சமதரையில் குப்புற விழுந்தான்.

"எங்கடா இருக்க?" என்றது பை.

வாயைத் திறந்தால் போதும். அவன் திறக்கவில்லை. இங்கே நில், அங்கே போ என்றுதான் இத்தனை நாளும் விமல்ராஜ் சொல்லியிருக்கிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டது இல்லை. கேட்கட்டும், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று மனசு அடம்பிடித்தது.

"சகா... ஏதாச்சும் சொல்லுடா. நான்தான்டா போகச் சொன்னேன். நான்தான்..."

ஒரு தடிமாடு ஆம்பளை சட்டைப் பைக்குள் தேம்பித் தேம்பி அழுதான். சகாதேவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேசாமல் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

"மேலதான்டா கீறேன்" என்றான் கடைசியில்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நகராத. அங்கியே நில்லு, நான் வந்துடறேன்."

"எங்க நிக்கணும்னு இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி சகாதேவன் போனை அணைத்தான். எழுந்து உட்கார்ந்தான். நண்பனுக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகுதான் வாய் விட்டு அழுதான்.