தொண்டையில் சிக்கிய எழுத்து

சோனகத்தெருவில் நஜீமா பேசிக் கேட்டவர்கள் குறைவு. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். அளவு பிழைத்துவிட்டால் இன்னும் வேகமாகத் தலையாட்டுவாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுவாள். ஆனால் அது அவளுடைய தையல் மெசினுக்குக்கூடக் கேட்காது.

ஒருநாள் மகள் ரிஸ்லா மதரசாவிலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

“நான் இனி ஓதப் போகமாட்டன் உம்மா. ‘ஃகலக்’ எண்டு ஓதச் சொன்னா எனக்குக் ‘கலக்’ எண்டுதான் வருது. என்னோடை ஓதுற பாஹிம், ‘என்னடி, தேத்தண்ணி கலக்கிறியோ?’ எண்டு கேட்டவன். எல்லாரும் சிரிச்சவை.”

நஜீமாவுக்கும் சிரிப்பு வந்தது. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளை எல்லா அரபு எழுத்தையும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். வீட்டில் இன்னொரு நஜீமா வளர்வதைப் பார்த்துத் தாய்க்குப் பகீரென்றது.

மறுநாள் யன்னலைச் சாத்தினாள்.

“மேல்தொண்டையை உரசிக்கொண்டு வரவேணும் மகள். ஃக்கா!”

“கா.”

“இல்லை. ஃக்க்கா!”

“உம்மா, உங்களுக்கு இவ்வளவு சத்தம் இருக்கோ?”

வெட்கத்தை விழுங்கிவிட்டு நஜீமா இன்னும் பலமாகத் தொண்டையை உரசினாள். படாரென்று கதவு திறந்தது. அடுத்த வீட்டு ஜெயகௌரி ஒரு கையில் சோற்று உருண்டையும் மறுகையில் வாழைப்பழமுமாக ஓடிவந்தாள்.

“முள்ளோடி நஜீமா? உந்தச் சூடை மீன் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! விழுங்கு!”

பழம் முழுதாக நஜீமாவின் வாய்க்குள் போனது. அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

“முள்ளில்லை அன்ரி! அது எழுத்து!” உம்மாவைக் காப்பாற்றும் அவசரத்தில் ரிஸ்லா கத்தினாள். “ஃகா! ஃகா!”

“ஐயோ, பிள்ளைக்கும் சிக்கிப்போச்சு!” ஜெயகௌரி சோற்று உருண்டையோடு அவளைத் துரத்தினாள். ரிஸ்லா மெசினைச் சுற்றி ஓடினாள். எழுத்து அச்சொட்டாக வந்துகொண்டே இருந்தது. வந்துவிட்டது என்று சொல்ல நஜீமாவுக்குத்தான் வாய் காலியாக இல்லை.

அடுத்தநாள் மதரசா மதிலுக்கு வெளியே நஜீமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ரிஸ்லாவின் முறை வந்தது. “ஃகலக்” தெருவரை கேட்டது.

“மாஷா அல்லாஹ்!” என்றார் மௌலவி. யாரும் சிரிக்கவில்லை.

நஜீமாவுக்கு என்ன நடந்ததோ, மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தாள்.

“பாஹிம் தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

பிறகு குனிந்தபடியே வீடுவரை ஓடினாள்.