முதலாம் பிள்ளையின் இறங்குமுகம்

விஞ்ஞானத்தில் தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்த காலத்தில் என் மகள் வகுப்பில் ஐந்தாம் பிள்ளை. ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்கு வந்து பௌதிகவியலில் ஐம்பத்தெட்டு எடுத்தபோது முதலாம் பிள்ளை. திருகோணமலையில் புள்ளியை யாரும் விசாரிப்பதில்லை. எத்தனையாம் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். ஆகவே நானும் தலை நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தேன்.

அவள் புலமைப்பரிசிலோடு ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் புறப்பட்டபோதுதான் வினை வந்தது. நான்கு வருட ரிப்போட்டும் கேட்டிருந்தார்கள்.

"புள்ளி ஏறுதோ இறங்குதோ எண்டும் பார்ப்பினமாம், அப்பா."

"நீ ஏறித்தானே இருக்கிறாய்? ஐஞ்சிலயிருந்து ஒண்டுக்கு."

"அது எங்கட கணக்கு. தொண்ணூறில இருந்தவள் ஐம்பதுக்கு விழுந்திட்டாள் எண்டுதான் அவையள் நினைப்பினம்."

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "காதல் கீதல் எண்டும் நினைப்பாங்கள்."

நாலு புத்தகம் வாசித்தவன் என்ற துணிவில், விளக்கம் எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். மின்வெட்டு, எரிபொருள் வரிசை, கொட்டியாரக் குடாவின் சோகம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். மகள் வாசித்துவிட்டு, "இதைப் பார்த்தா நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு அனுதாபம்தான் அனுப்புவினம்" என்றாள்.

வேறு வழியில்லாமல் பௌதிகவியல் ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். உட்துறைமுக வீதியில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று குப்பையில் யாருடையதோ விடைத்தாளைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆசிரியர் திருத்தியதாக இருந்தால் சிவப்பு மையே வயிற்றை நிரப்பியிருக்கும். அவரிடம் அறுபது எடுத்தவர் எவருமில்லை.

"சேர், அடுத்த தவணைச் சோதினைக்கு ஒரு எழுபது..."

"எழுபதோ? எழுபது போட்டா பிள்ளை புத்தகத்தை மூடிப்போட்டுப் படுத்திடும். ஏ.எல். பேப்பரைக் கண்டு அழுறதிலும் பார்க்க என்ர பேப்பரைக் கண்டு அழட்டும்."

"அமெரிக்காக்காரனுக்கு இது விளங்காது, சேர்."

"விளங்காட்டி விளங்கப்படுத்துவம்."

கதிரையை இழுத்துப்போட்டு அப்போதே எழுதினார். தான் வேண்டுமென்றே கடுமையாகத் திருத்துவதாகவும், ஐம்பத்தெட்டுத்தான் வகுப்பிலேயே கூடியதென்றும். பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். நெடுநேரம் கூரையைப் பார்த்தவர், "முயன்றால் இன்னும் செய்வார்" என்று சேர்த்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மகளோ துள்ளிக் குதித்தாள். "சேர் இவ்வளவு புகழ்ந்து ஒருத்தருக்கும் எழுதினதில்லை, அப்பா!"

கல்லூரிக்கு விளங்கியிருக்க வேண்டும். இடம் கிடைத்தது, புலமைப்பரிசிலும் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: கடைசித் தவணைப் புள்ளிகளையும் அனுப்ப வேண்டும், அவை இறங்கக்கூடாது.

அன்று பின்னேரமே ஆசிரியர் வீட்டுக்குக் கேக்கோடு போனேன். அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "நல்ல விசயம். பிள்ளை ஏ.எல். எழுதுவா தானே?" என்றார்.

"ஓம், சேர். ஆனா இந்தத் தவணை புள்ளி இறங்கக்கூடாதாம்."

"அது பிள்ளையின்ர வேலை."

"இன்னொரு துண்டு எடுங்கோ, சேர்."

எடுத்தார். ரசித்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பேப்பர் நேற்றே அடிச்சாச்சு. இந்தமுறை கொஞ்சம் கஷ்டம்தான்."