ஒருபோதும் விளையாடுவதில்லை

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்பது மூன்றாம் ஆண்டில் வரும் ஒரு வியாதி. டிசம்பரில் தொற்றும், மார்ச்சில் ஸ்பைரல் பைண்டிங் போட்டதும் குணமாகிவிடும். ஒரகடம் தாண்டி இரண்டு கிடங்குகளுக்கு நடுவே இருந்த அந்தக் கட்டடத்தில் நான் உளவியல் படித்தேன். மனித மனத்தைப் படிக்கிறேன் என்று மணிமங்கலத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் அப்பா. நாங்கள் படித்ததெல்லாம் முந்தைய வருடத்து அக்காக்களின் அறிக்கைகளை. அவற்றில் ‘மாணவர்கள்’ என்று இருந்த இடங்களில் ‘ஆசிரியர்கள்’ என்று மாற்றினால் புது ஆராய்ச்சி தயார். ஈயடிச்சான் காப்பி. ஒரு குழு நடுவில் எதையோ மாற்ற மறந்துவிட்டதால், ஆசிரியர்கள் அரியர் பயத்தில் தூங்குவதில்லை என்று அவர்களுடைய அறிக்கை முடிந்தது. அதையும் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஒருவர்தான் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர். தலைப்பில் சமூகமும் இருக்க வேண்டும், உளவியலும் இருக்க வேண்டும், விளையாட்டும் சேர்ந்தால் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றார். ஆகவே ‘தொழிற்சாலைப் பெண் பணியாளர்களின் மன அழுத்தமும் விளையாட்டு ஈடுபாடும்’ என்று வைத்தோம். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எங்கள் குழுவில் நானும் என் தோழியும் மட்டும்தான். அவளுடைய சித்தப்பா சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் விடுதிக்கு மேனேஜர். எங்கள் ஆராய்ச்சி முறையியலே அந்தச் சித்தப்பாதான்.

கேள்வித்தாளை இணையத்தில் எடுத்தோம். வெளிநாட்டுக்காரர்கள் யாரோ யாருக்கோ தயாரித்தது. என் தோழி அதைக் கைபேசியில் போட்டுப் பஸ்ஸில் வரும்போதே தமிழாக்கிவிட்டாள். ‘நீங்கள் நீலமாக உணர்கிறீர்களா?’ என்பது ஏழாவது கேள்வி. நீலமாக இருப்பது என்றால் ஆங்கிலத்தில் மனம் சோர்ந்திருப்பதாம். அந்த விடுதிப் பெண்களின் கம்பெனி கோட் நீல நிறம். எல்லோரும் தயங்காமல் ‘எப்போதும்’ என்று டிக் போட்டார்கள். கடுமையான மன அழுத்தம் நிலவுகிறது என்று நாங்கள் எழுதிவிட்டோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூக்கத்தைவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பது பேர், பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பெண்கள். மேனேஜர் சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் நடுவில் நின்றார். பேர் எழுதத் தேவையில்லை என்று நாங்கள் சொன்னோம். “ரூம் நம்பர் மட்டும் போட்டுக்கோங்கமா” என்றார் அவர். அவரை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. ரகசியம் காப்பது பற்றி எழுதச் சொன்னால் நான் அப்போது நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போதுதான் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்தேன். விடுதிக்குப் பின்னால் சுற்றுச்சுவருக்குள் கொஞ்சம் வெறும் தரை இருந்தது. முள்ளை வெட்டிக் கல்லைப் பொறுக்கி, கோலமாவால் கோடு போட்டு அதைக் கபடிக் களமாக்கி வைத்திருந்தார்கள் அந்தப் பெண்கள். லீவு நாளில் இரண்டு மணி நேரம்தான் கேட்டைத் திறந்து வெளியே விடுவார்கள் என்பதால் அதைவிட்டால் அவர்களுக்கு வேறு இடமில்லை. சுடிதார் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பரமக்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தி ‘கபடி கபடி’ என்று பாடிப் போனாள். மூன்று பேர் அவள் காலைப் பிடித்துத் தொங்கியும் நடுக்கோட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள். காலையில் என் முன்னால் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நேரம் போவதே தெரியாமல் சுவரோரம் நின்று பார்த்தேன். பொறாமையாகக்கூட இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவள் மண் ஒட்டிய கையோடு என்னிடம் வந்தாள். அந்த இடத்தில் ஜல்லி கொட்டிக் கம்பெனி பஸ்களை நிறுத்தப் போவதாக மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கட்டட ஓனர் இன்னும் சரி என்று சொல்லவில்லையாம்.

“தங்கச்சி, காலேஜுல இருந்து வந்து எழுதுறீக. இந்த எடத்துல நாங்க ஆடுறோம்னு ஒரு வரி போட்டு விட்டுருங்க. எழுத்துல இருந்தா கை வைக்க மாட்டாக” என்றாள்.

கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். பெரிய ஆராய்ச்சியாளர் அல்லவா, தோரணையாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்தேன். பன்னிரண்டாவது கேள்வி, ‘நீங்கள் விளையாடுகிறீர்களா?’ நாற்பது தாளிலும் ‘ஒருபோதும் இல்லை’. ஒன்றில்கூடப் பேனா தயங்கியிருக்கவில்லை. சிலர் இரண்டு தடவை அழுத்தி டிக் போட்டுக் கீழே கோடும் இழுத்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று தோழியிடம் சொன்னேன். முடிவு இவ்வளவு சுத்தமாக வந்ததற்குச் சந்தோஷப்படு, வரைபடம் போடுவதும் சுலபம் என்றாள் அவள்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். அவர்கள் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன், ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன் என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்:

“கண்ணால பாத்ததெல்லாம் டேட்டா ஆகாதும்மா. ஃபார்ம்ல என்ன இருக்கோ அதான் டேட்டா.”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? என் மதி எங்கும் போகவில்லை, கூடவேதான் இருந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு பஸ் ஏறிப் போய், ஏன் இப்படி டிக் போட்டீர்கள் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வியாழக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சோம்பல். பேராசிரியரைப் பகைத்துக்கொள்ளப் பயமும்கூட.

‘பணியாளர்களிடையே விளையாட்டு ஈடுபாடு அறவே இல்லை’ என்று எழுதினோம். பரிந்துரையாக, விளையாட்டின் நன்மைகள் குறித்து அவர்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று சேர்த்தோம். தொடுவதற்கு ஆள் வந்தால் ஓடத் தெரியாத நாங்கள், பாடிப் போகிறவளுக்கு விழிப்புணர்வு கொடுக்கப் போகிறோமாம். கருத்தரங்கில் எங்களுக்குச் சிறந்த கட்டுரைக்கான ஷீல்டு கிடைத்தது. வந்திருந்த பெரியவர் ஒருவர் இளைய தலைமுறையின் சமூகப் பார்வை என்று அரை மணி நேரம் பேசினார். ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். நான் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நன்றியுரைப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை முதலில் போட்டு, அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்து, தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, பதிலளித்தவர்களோடு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு புகைப்படம் ஃபைலில் வேண்டும் என்றார் பேராசிரியர். தோழிக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். விடுதிக்குப் பின்னால் ஜல்லி கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். மூன்று பஸ்கள் வரிசையாக நின்றன. அந்த அக்கா நீலக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி நின்றாள். மேனேஜர் எங்கள் அறிக்கையை ஓனரிடம் காட்டி, இங்கே யாருமே விளையாடுவதில்லை, காலேஜ் பிள்ளைகளே வந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாராம். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

நீங்கள்தானே அப்படி டிக் போட்டீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான்.

“வேலை நேரத்துல லைன்ல விளையாடுனான்னு எழுதித்தான தங்கச்சி மெமோ குடுப்பாக? அதுக்குப் பயந்துல்ல ஒருத்தி விடாம இல்லைன்னு போட்டோம். மேனேஜரு வேற நின்னாரு. நாங்க பண்றது விளையாட்டா? நாங்க கபடியில்ல ஆடுறோம்.”

சூப்பர்வைசர் வாயில் விளையாட்டு என்றால் குற்றம் என்பது இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த வசவைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள். மூன்று வருடம் மனத்தைப் படித்தவள் ஒரு வார்த்தையைப் படிக்கவில்லை. அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. புகைப்படம் வேண்டும் என்றும் கேட்கவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

“ஒங்களுக்குப் பாஸ் போட்டுட்டாகல்ல?”

முதல் வகுப்பு என்றேன்.

“அது போதும் தங்கச்சி. அதுக்குத்தான தூக்கத்த விட்டுட்டு வந்து உக்காந்தோம்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.